கோடைக்கு முன்னால் பெற்றோலை வடித்துவிடு

முள்ளியவளை,
மார்கழி.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் மனம் ஆறியது. அவவை நாங்கள் எல்லாரும் விசாரித்ததாகச் சொல். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. குளங்கள் நிரம்பிவிட்டன, காலபோக வயல் பார்க்க நல்ல வடிவாக நிற்கிறது. மூத்தவள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கிழமைக்கு ஒருக்கா பஸ்ஸில் வந்து போகிறாள்.

பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் காசு சேர்த்துத் தந்த புல்லு வெட்டும் மெஷின் இன்னும் ஓடுகிறதா, அதே மாதிரி ஒன்றை உன் மனைவியின் ஊர்ப் பள்ளிக்கும் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஓடுகிறது மச்சான். கயிற்றை ஒருமுறை இழுத்தால் பிடிக்கும், தவறினால் இரண்டாம் இழுவையில் பிடிக்கும். மைதானம் முழுக்க அதுதான் வெட்டுகிறது. ஆனால் இன்னொன்றுக்குக் காசு சேர்க்க முதல் நான் எழுதுவதை வாசி, உங்கள் சங்கத்து ஆட்களுக்கும் வாசித்துக் காட்டு.

போன மாதம் இங்கே வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கேயும் வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த மெஷின் ஒன்று களஞ்சிய அறையில் கதிரை மேசைகளுக்கு நடுவில் கிடந்தது. பழுதாம், கராச்சுக்கு அனுப்பக் காசில்லையாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், நெருப்பு வருகிறது. கயிற்றை இழுத்தால் உள்ளே காற்று இறுகுவது, அதுதான் கம்பிரஷன், கைக்குத் தெரிகிறது. வேலை செய்து தேய்ந்த எஞ்சின் இல்லை. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடுகிற காபரேட்டருக்குக் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தின் நட்டைக் கழற்றினேன். அடியில் தேன் நிறத்தில் ஒரு படை, வேப்பம் பிசின் மாதிரி நகத்தில் ஒட்டியது. பெற்றோல் போகிற சின்னத் துவாரம் உள்ள ஜெட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். துவாரம் அடைபட்டு, வெளிச்சம் ஊசிமுனையளவுகூட வரவில்லை. அந்த மெஷினுக்கு வந்த வருத்தம் அவ்வளவுதான். பங்குனியில் வெட்டி முடித்து, மிச்சப் பெற்றோலோடு தள்ளி வைத்திருக்கிறார்கள். ஐப்பசியில் எடுத்து இழுத்துப் பார்த்தால் எப்படி ஸ்டாட் வரும்?

உங்கள் ஊரில் கோடையில் புல்லு வெட்டி, பனிக்காலத்தில் மெஷினை உள்ளே வைக்கிறீர்கள். இங்கே எல்லாம் மறுபக்கம். ஐப்பசி மழையோடு புல்லு எழும்பும், மாசி வரைக்கும் கிழமைக்குக் கிழமை வெட்ட வேண்டும். சித்திரையில் ஒன்றிரண்டு மழை. வைகாசி பிறந்து சோளகக் காற்று எழும்பினால் மைதானம் காய்ந்து மண்ணாகிவிடும், பிறகு மெஷினுக்கு ஐந்து மாதம் ஓய்வு. அந்த ஐந்து மாதமும்தான் வருடத்தில் வெக்கை கூடிய மாதங்கள், மெஷின் கிடப்பதோ தகரக் கூரைக்குக் கீழே. பெற்றோலில் இருக்கிற லேசான பாகம் ஆவியாகிப் போகும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பழுதாகிப் பிசினாக இறுகும். உங்கள் குளிரில் மெதுவாக நடப்பது இங்கே கெதியில் நடந்துவிடும். புதுப் பெற்றோல் என்றாலும் ஒரு மாதத்துக்கு மேல் அதை நம்ப மாட்டேன். ஓடுகிற மெஷினை விட, படுத்துக் கிடக்கிற மெஷினுக்குத்தான் இங்கே கவனிப்பு வேண்டும் மச்சான். இதைத்தான் நான் எல்லாருக்கும் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

நான் செய்வது இதுதான். கடைசி வெட்டு முடிந்த அன்றைக்கே தாங்கியில் இருக்கிற பெற்றோலை உறிஞ்சி எடுத்து யாருடைய மோட்டார் சைக்கிளுக்காவது ஊற்றிவிடுவேன். பிறகு எஞ்சினை ஸ்டாட் பண்ணி, தானாக நிற்கும் வரைக்கும் ஓட விடுவேன். அதற்குப் பிறகும் கிண்ணத்தின் அடியில் ஒரு சொட்டு நிற்கும், நட்டைத் தளர்த்தி அதையும் வடித்துவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஒயிலை இறக்கிப் புது ஒயில் விடுவேன். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை இரண்டு தரம் மெதுவாக இழுப்பேன். ஒயில் சிலிண்டர் சுவரில் பரவிவிடும். பிளக்கைத் திருப்பிப் பூட்டி, கை இறுக்கத்தை உணரும் இடம் வரைக்கும் இழுத்து அந்த நிலையில் விட்டுவிடு. வால்வு இரண்டும் மூடி நிற்கும், ஈரக்காற்று உள்ளே போகாது. கடைசியாகச் சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, துணியின் வால் வெளியே தெரிய விடுவேன். அடைக்காமல் விட்டால் மண்குளவி வந்து கூடு கட்டிவிடும். சைலன்சருக்குள் காய்ந்த மண் இருந்தால் எஞ்சின் மூச்சு விடாது. திரும்ப எடுக்கும்போது துணியை இழுக்க மறக்கக்கூடாது என்றுதான் வால் விடுவது.

அந்தக் கிடந்த மெஷினைத் திருத்தியும் கொடுத்தேன். காபரேட்டர் கிளீனர் அடித்து ஊற விட்டு, மின்சார வயரில் இருந்து ஒரு செப்பு இழையை உருவி ஜெட்டுக்குள் விட்டெடுத்தேன். இரும்புக் கம்பி விடவே கூடாது. ஜெட் பித்தளை, துவாரம் பெருத்தால் பெற்றோல் கூடிப்போய்க் கரும்புகை தள்ளும், பிறகு புது ஜெட்தான் போட வேண்டும். புதுப் பெற்றோல் விட்டு இழுக்க எஞ்சின் பிடித்தது. அங்கிருந்த சிற்றூழியர் ஐயா முகம் மலர்ந்து, "இதையோ தம்பி இரும்புக்குப் போடச் சொன்னவை?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு கனத்துப் போய்விட்டது. கனடாவில், ஸ்காபுறோவில் இரண்டு வேலை செய்கிற எத்தனை பேருடைய காசு அது.

பெற்றோலைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஊருக்குள்ளே கடைகளில் போத்தலில் வைத்து விற்பதை வாங்கி ஊற்றுகிறார்கள். வெயில் பட்டுக் கிடந்த பெற்றோல் அது, மாரியில் தண்ணீரும் கலந்துவிடும். தண்ணீர் பாரமானது, கிண்ணத்தின் அடியில் முத்து முத்தாக நிற்கும், எஞ்சின் இருமி இருமி நிற்கும். ஆகவே பெற்றோல் செற்றுக்குப் போய் அளவாக வாங்கி, வாய் இறுக்கமான கானில் நிழலில் வைக்க வேண்டும். ஒக்டேன் 92 போதும், 95க்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. இந்தச் சின்ன எஞ்சினுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

மண்ணெண்ணெய் கலப்பவர்களும் இருக்கிறார்கள். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டு, பிறகு பெற்றோலை அளந்து கொடுக்கும் கியூஆர் முறை வந்த காலத்தில் கலக்கத் தொடங்கியவர்கள் சிலர் இன்னும் விடவில்லை. கேட்டால், "தடைக் காலத்திலை மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயிலைதானே ஓடினது" என்கிறார்கள். உண்மைதான், போர்க் காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் நீயும் நானும் அப்படி ஓடின ஆட்கள்தானே. கொஞ்சம் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு உதைத்து ஸ்டாட் பண்ணி, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் விடுவோம். புகைக்குள்ளால் முகமே தெரியாது. வேறு வழி இல்லாத நாளில் சனம் கண்டுபிடித்த வித்தை அது. அதைச் செய்தவர்களை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அந்த எஞ்சின்கள் என்ன பாடுபட்டன என்றும் நமக்குத் தெரியும். பிளக் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், ரிங் தேயும். பெற்றோல் கிடைக்கிற காலத்தில் ஏன் இந்த எஞ்சினை வதைக்க வேண்டும்?

தள்ளிக்கொண்டு போகிற இந்த மெஷின் நாலு ஸ்ட்ரோக், ஒயில் எஞ்சினுக்குள் தனியாக நிற்கும். தோளில் கொழுவி வெட்டுவது பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக், அதற்குத்தான் பெற்றோலோடு 2ரி ஒயில் கலப்பது. இரண்டையும் ஒரே கானில் வைத்தால் ஒரு நாள் மாறிவிடும். கலப்பு நாலு ஸ்ட்ரோக்குக்குப் போனால் புகையோடு தப்பும், ஒயில் கலக்காத பெற்றோல் தோள் மெஷினுக்குப் போனால் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்து அதோடு சரி. அதனால் நான் கலப்புக் கானுக்குச் சிவப்புப் பெயின்ற் அடித்து வைத்திருக்கிறேன்.

ஒயிலை ஒவ்வொரு நாளும் ஸ்டாட் பண்ண முதல் சமமான நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மொத்தமே அரை லீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும், அதில் சிறிது குறைந்தாலும் எஞ்சினுக்கு ஆபத்து. ஒயில் வகை எஸ்ஏஈ 30 அல்லது 10டபிள்யூ-30. புது மெஷினுக்கு முதல் 5 மணித்தியாலத்தில் ஒருமுறை மாற்றி, பிறகு 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. காற்று பில்டரை இங்கே புத்தகத்தில் போட்டிருப்பதை விட அடிக்கடி பார்க்க வேண்டும். மாசிக்குப் பிறகு புல்லை விடப் புழுதிதான் கூட எழும்பும். கடதாசி பில்டரை மெதுவாகத் தட்ட வேண்டும், கழுவக் கூடாது. ஸ்பொஞ்ச் என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, இரண்டு சொட்டு ஒயில் தடவிப் பிழிந்து போடு. பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். கொஞ்ச நேரம் ஓடி ஓடி நிற்கிறது என்றால் காபரேட்டரைக் கழற்ற முதல் தாங்கி மூடியைத் தளர்த்திப் பார். மூடியில் இருக்கிற காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால் பெற்றோல் இறங்காது. தளர்த்தினதும் ஓடும்.

போர் நடந்த இந்த வன்னியில் பிளேட்டைப் பற்றித்தான் எனக்குக் கூடப் பயம். மைதானம் கண்ணிவெடி அகற்றிக் கொடுத்த நிலம் என்றாலும், பெருமழைக்குப் பிறகு மண் கழுவுப்பட்டு முள்ளுக்கம்பித் துண்டு, தகரம், இரும்பு எல்லாம் மேலே வரும். பிளேட் நிமிடத்துக்குச் சுமார் 3,000 தடவை சுற்றுகிறது. அது ஒரு துண்டைத் தட்டி எறிந்தால் பிள்ளைகளின் கண் போய்விடும். அதனால் வெட்ட முதல் இரண்டு பேர் மைதானத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பொறுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன். இன்னதென்று தெரியாத பொருளைக் கண்டால் கை வைக்காமல், அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். வெட்டும் நேரம் ஒரு பிள்ளையும் மைதானத்தில் நிற்கக் கூடாது.

கல்லிலோ வேரிலோ அடித்து நின்ற மெஷின் பிறகு ஸ்டாட் வராமல், கயிற்றைக் கையிலிருந்து பறித்துத் திருப்பி உதைத்தால், எஞ்சினோடு சுற்றுகிற பாரச் சக்கரமான பிளைவீலுக்குள் இருக்கிற கீயைப் பார். எஞ்சினைக் காப்பாற்ற வெட்டுப்படட்டும் என்றே மென்மையான உலோகத்தில் செய்து போட்டிருக்கிற சின்னத் துண்டு அது. அது நகர்ந்தால் பிளக்கில் நெருப்பு வருகிற நேரம் பிழையாகிவிடும். பலர் இது தெரியாமல் காபரேட்டரைப் போட்டுச் சின்னாபின்னப்படுத்துகிறார்கள். பிளேட்டைத் தொட முதல் பிளக் வயரைக் கழற்று. மெஷினைச் சரிக்கும்போது பில்டர் பக்கம் மேலே இருக்கட்டும். தீட்டின பிளேட்டை ஒரு ஆணியில் கொழுவிப் பார்த்து, தாழ்கிற பக்கத்தை இன்னும் கொஞ்சம் தீட்டு.

பாத்தீனியம் என்ற களையும் வீதியோரமாக வந்து மைதான வேலி வரைக்கும் நிற்கிறது. ஒரு செடி 15,000க்கு மேல் விதை போடும். பூத்த பிறகு மெஷினை விட்டால் நாங்களே விதைத்த மாதிரி. அதைப் பூக்க முதல், கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிட வேண்டும். வேறு வளவுக்கு மெஷினைக் கொண்டுபோக முதல் அடித்தட்டைச் சுரண்டித் துடைக்க வேண்டியதும் இதனால்தான்.

ஆகவே உன் மனைவியின் ஊர்ப் பள்ளிக்கு வாங்கலாம், ஆனால் இப்படி வாங்குங்கள். அங்கேயிருந்து அனுப்ப வேண்டாம். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பாகம் கிடைக்கிற எஞ்சினாகப் பார்த்து இங்கேயே வாங்குவோம். பெரிது தேவையில்லை. மிச்சப்படுகிற காசில் இரண்டு பில்டர், இரண்டு பிளக், ஒரு பிளேட், கயிறு, இரண்டு கீ வாங்கி மெஷினோடு கொடுப்போம். அதைவிட முக்கியம், பொறுப்பாக ஒரு ஆள். அந்த ஆளுக்கு வருடத்தில் இரண்டு தரம், ஐப்பசியில் எடுக்கும்போதும் கடைசி வெட்டு முடிந்து வைக்கும்போதும், ஒரு நாள் சம்பளம் கொடுக்க உங்கள் சங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும். மெஷின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. வேலை பழக்குவது என் பொறுப்பு.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். சந்தோசம். வரும்போது பிளக் இடைவெளி அளக்க ஒரு நல்ல பீலர் கேஜ் கொண்டு வா. நம்முடைய மெஷினுக்குப் பிளேட் ஒன்றும் வேண்டும், மொடல் இலக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தை பிறந்ததும் அந்தப் பள்ளி அதிபரிடம் போய்ப் பேசுகிறேன். யாரைப் பொறுப்பாக விடுவார் என்று தெரிந்துகொண்டு எழுதுகிறேன், அதுவரை காசு சேர்க்கத் தொடங்க வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்