மலைக்கு வேண்டிய கியரும் வன்னிக்கு வேண்டிய விளக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தில் இருக்கும் உறவுகள் விடியற்காலையில் மலைவீதிகளில் சைக்கிள் ஓடுவதைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அதைப் பார்த்த பிள்ளைகள் தங்களுக்கும் கியர் சைக்கிள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அங்கிருந்து காசும் வருகிறது. வாங்கப் போகும் பெற்றோருக்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

அங்கே கியர் ஆடம்பரமல்ல. யோர்க்ஷயரின் பட்டர்டப்ஸ் கணவாய், 2014 இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டி லீட்ஸில் தொடங்கியபோது முதல் நாளே வீரர்கள் ஏறிய இடம். லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியிலுள்ள ஹாட்நொட் கணவாய் இன்னும் கடுமை. மிகச் செங்குத்தான இடங்களில் மூன்றடி போவதற்குள் வீதி ஓரடி உயர்ந்துவிடும். அப்படியான ஏற்றத்தில் முன் பற்சில்லில் 34 பல், பின் பற்சில்லில் 34 பல் என்று போட்டுக்கொள்வார்கள். பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வண்டி இரண்டு மீற்றருக்குச் சற்று மேல்தான் நகரும். அதனால்தான் கால் தாங்குகிறது.

எங்கள் 28 அங்குல வண்டியில் பெரும்பாலும் முன்னுக்கு 44 பல், பின்னுக்கு 18 பல். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீற்றர். வன்னியில் ஏற்றம் என்று சொன்னால் குளக்கட்டில் ஏறுகிற இடம்தான். மற்றப்படி ஆளை வருத்துவது எதிர்க்காற்று. சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் பரந்தனில் இருந்து பூநகரிப் பக்கம் போகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். அதற்கும் இருபது கியர் தேவையில்லை. பின்னுக்கு 20 பல் பிறீவீல் (பின் பற்சில்லு) மாற்றினால் ஒரு சுற்று ஐந்து மீற்றருக்குச் சற்றுக் குறையும், முழங்கால் தப்பும். பல் கூடியதால் செயின் இறுகும். பின்சில்லைக் கால் அங்குலம் முன்னே தள்ளினால் சரி. தள்ள இடமில்லை என்றால் செயினில் ஒரு கண்ணி கூட்டவேண்டும்.

கியர் வண்டியை இங்கே கெடுப்பது கிரவல் தூசிதான். திறந்த செயினில் எண்ணெயும் மணலும் கலந்து அரத்தூள் போலாகிப் பல்லைத் தின்னும். புதுச் செயினில் 24 ஊசி இடைவெளி சரியாக 12 அங்குலம். அடிமட்டம் வைத்துப் பாருங்கள், 12 அங்குலமும் அரை நூலும் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) வந்துவிட்டால் மாற்றவேண்டும். பிந்தினால் பற்சில்லும் சேர்ந்து போகும். மூடிய செயின்பெட்டி உள்ள வண்டிக்கு இந்தத் தொல்லை வெகு குறைவு.

இன்னொன்று, கியர் வண்டி வலப்பக்கமாக ஒரு தரம் விழுந்தால் போதும், பின் கியரைத் தாங்கும் அலுமினியக் காது உள்ளுக்கு வளைந்துவிடும். வெளிப்பார்வைக்குத் தெரியாது. பிள்ளை லேசான கியருக்கு மாற்றும் நேரம் பின் கியர் சில்லுக் கம்பிகளுக்குள் புகுந்து, சில்லு அப்படியே இறுகி நிற்கும். வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்து பாருங்கள்: கீழே தொங்கும் இரண்டு சிறு சில்லுகளும் மேலே செயின் ஓடும் பல்லும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். கோணல் என்றால் நிமிர்த்தாமல் ஓடக் கொடுக்காதீர்கள்.

இங்கிலாந்திடம் இருந்து எடுக்க வேண்டியது விளக்கை. அங்கே பொழுது பட்டதில் இருந்து விடியும் வரை வீதியில் ஓடும் சைக்கிளுக்கு முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடல்களில் செம்மஞ்சள் ரிஃப்ளெக்டர் என்று சட்டமே உண்டு. பெடல் ரிஃப்ளெக்டரை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் அது மேலும் கீழும் அசைவதால்தான் முன்னே போவது சைக்கிள் என்று சாரதி தூரத்திலேயே கண்டுகொள்கிறார்.

ஏ9 வீதியில் விடியப்புறம் கொழும்பு பஸ்கள் வரும் நேரத்தில்தான் ரியூசனுக்குப் போகும் பிள்ளையும், மரக்கறி கட்டிய வண்டியும், வயலுக்குப் போகிறவரும் ஓரமாகப் போகிறார்கள். மணிக்கு 70 கிலோமீற்றரில் வரும் வாகனம், சாரதி கண்டு பிறேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 60 மீற்றர் வேண்டும். கறுத்த சட்டை போட்டவர் அந்தத் தூரத்தில் கண்ணில் படமாட்டார். 6 வோல்ற் டைனமோவில் எரியும் விளக்கு, வண்டி நின்றதும் அணைந்துவிடும், மெல்லப் போனாலும் மங்கும். ஆகவே பின் விளக்கு பற்றரியில் எரிவதாக இருக்கட்டும்.

முன் விளக்கு கட்டாக்காலி மாடுகளுக்காக. காபெற் வீதியின் சூட்டுக்கு அவை நடுவில் படுத்திருக்கும், கறுத்த மாடு கிட்டப் போகும் வரை தெரியாது. மார்கழி, தையில் பனி விழுந்த இரும்பு றிம்மில் பிறேக் கட்டை வழுக்கும். புறப்பட்டதும் பிறேக்கை மெல்லப் பிடித்தபடி சிறிது தூரம் ஓடி ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். வாகனத்துக்கு ஒதுங்கிக் கிரவலில் இறங்கினால், காபெற் விளிம்போடு உரசிக்கொண்டு திரும்ப ஏறப் பார்க்கவேண்டாம், ரயர் சறுக்கி வீதிக்குள்ளேயே விழுத்தும். வேகத்தைக் குறைத்து, சில்லை விளிம்புக்கு நன்றாகக் குறுக்கே திருப்பி ஏற்றவேண்டும். ஒட்டுசுட்டான் பக்கம் யானை நடமாடும் இடங்களில் வெளிச்சம் வரும் வரை புறப்படவே வேண்டாம்.

நெருஞ்சி முள் குத்தினால் ரியூப்பை ஒட்டுவதோடு நிறுத்தாமல் ரயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். முறிந்த நுனி அங்கேயே இருந்தால் மறுநாளும் அதே இடத்தில் காற்றுப் போகும்.

கடைசியாக, விளக்கு வாங்கியவர்கள் பலர் அதைச் சீற்றுக்குக் கீழே பூட்டுகிறார்கள். கரியரில் புத்தகப்பையோ மரக்கறிச் சாக்கோ ஏறியதும் அது முழுதாக மறைந்துவிடும். பின் மட்காட்டில், கரியருக்குக் கீழே பூட்டுங்கள்.

சைக்கிள் திருத்துநர்கள் இருவர்,
பரந்தன்.