இரண்டாம் பாகம் எடுக்கப்போகும் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கு, வணக்கம்.

முதல் பாகம் வசூலில் தப்பித்தது, ஆனால் பார்த்தவர்கள் வாயில் தப்பவில்லை. அப்படிப்பட்ட அறிவியல் புனைவுப் படத்துக்கு இரண்டாம் பாகம் என்றதும் 'இன்னும் பெருசா பண்ணிடலாம்' என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. அதற்கு முன், 1960களின் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து பிறந்த 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளிப் படங்களின் 1979, 1982 கணக்கை ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

1979 டிசம்பர் 7 அன்று வந்த முதல் படத்துக்குச் செலவு சுமார் 4.4 கோடி டாலர். உலகம் முழுக்க 13 கோடிக்கு மேல் வசூல். கையைக் கடிக்கவில்லை, ஆனால் தியேட்டரில் ஆட்கள் நெளிந்தார்கள். இயக்குநர் ராபர்ட் வைஸ் வெட்டத் தெரியாதவர் அல்ல. 'சிட்டிசன் கேன்' படத்தின் எடிட்டரே அவர்தான். சிக்கல் வேறு இடத்தில். ரிலீஸ் தேதியை முன்பே பூட்டிவிட்டார்கள். பாதியில் கிராபிக்ஸ் நிறுவனத்தை மாற்றினார்கள். கிராபிக்ஸ் நிபுணர்கள் டக்ளஸ் ட்ரம்புல், ஜான் டைக்ஸ்ட்ரா ஆகியோரின் குழுக்கள் ராப்பகலாக முடித்த ஷாட்டுகள் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தன. வந்ததைப் போட்டுப் பார்த்து, நீளம் குறைத்து, மறுபடி போட்டுப் பார்க்க அவகாசமே இல்லை. நாயகன் கிர்க் தன் விண்கப்பலைச் சுற்றி வரும் காட்சி மட்டும் நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நான்கு மாட வீதியும் சுற்றித் தேர் நிலைக்கு வருவதுபோல. வைஸ் அந்தப் படத்தைத் தன் விருப்பப்படி திருத்தி முடித்தது 2001இல்.

கதையிலும் ஓட்டை இருந்தது. எதிரி ஒரு பிரம்மாண்ட மேகம். மேகத்தைப் பார்த்து நடிகர்கள் வாய் பிளக்கலாம், அதனோடு வாக்குவாதம் செய்ய முடியாது.

இரண்டாம் படத்தை பாரமவுண்ட் ஸ்டுடியோ, தொலைக்காட்சிப் பக்கம் இருந்து வந்த ஹார்வ் பென்னட்டிடம் கொடுத்தது. பட்ஜெட் சுமார் 1.2 கோடி டாலர், முன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர் கிராபிக்ஸ் ஆட்களைக் கூப்பிடும் முன், பழைய தொடரின் 79 அத்தியாயங்களையும் உட்கார்ந்து பார்த்தார். 1967இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் கான் என்பவனை ஆளில்லாத கிரகத்தில் இறக்கிவிட்டு கிர்க் போய்விடுகிறார். அதன் பிறகு அவனை யாரும் எட்டிப் பார்க்கவே இல்லையென்றால்? படமே இந்தக் கேள்விதான். (அந்த அத்தியாயத்தில் கிர்க்கின் குழுவைச் சேர்ந்த செக்கோவ் இல்லவே இல்லை, படத்தில் கான் அவர் முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறான். ரசிகர்கள் இன்றும் கிண்டல் செய்கிறார்கள். அதனால் படம் படுக்கவில்லை.)

ஸ்கிரிப்டோ ஐந்து வரைவுகளாகக் கிடந்தது, ஒன்றும் தேறவில்லை. இயக்குநர் நிக்கோலஸ் மேயர் எல்லா வரைவுகளிலும் பிடித்ததை மட்டும் பட்டியல் போடச் சொன்னார். ஒரு கதாபாத்திரம், ஒரு காட்சி, ஒரு வசனம், எதுவானாலும் சரி. பட்டியலை வைத்து 12 நாளில் எழுதி முடித்தார், டைட்டிலில் தன் பெயர்கூட இல்லாமல். அந்த 12 நாள் கெடு எங்கிருந்து வந்தது தெரியுமா? கிராபிக்ஸ் செய்த ஐஎல்எம் நிறுவனம், அதற்குள் ஸ்கிரிப்ட் வராவிட்டால் ஜூன் ரிலீஸுக்கு ஷாட்டுகள் தர முடியாது என்று சொல்லிவிட்டது. முதல் படத்தில் கதை கிராபிக்ஸுக்காகக் காத்திருந்தது. இங்கே கிராபிக்ஸ் கதைக்காக.

சிக்கனத்தையும் கவனியுங்கள். எதிரிக் கப்பலின் கட்டுப்பாட்டு அறை, கதாநாயகன் கப்பலின் அதே செட்தான், கொஞ்சம் மாற்றி அமைத்தது. முதல் படத்தில் வந்த கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தின் கப்பல் ஷாட்டுகளை, தொடக்கத்தில் வரும் போர்ப் பயிற்சிக் காட்சியின் திரையில் ஓட்டினார்கள். பழைய ஷாட் என்று உறுத்தவே உறுத்தாது. கிர்க்கும் கானும் படம் முழுக்க நேருக்கு நேர் சந்திப்பதில்லை, எல்லாம் திரை வழிப் பேச்சு. இரண்டு பெரிய நடிகர்களின் கால்ஷீட்டை ஒன்றாகக் கோக்க வேண்டிய தலைவலி இல்லை. பணம் போட்ட இடத்தில் சரியாகப் போட்டார்கள்: எதிரிக் கப்பலின் மாடலில் எஞ்சின்கள் கீழ்ப்பக்கம், நாயகன் கப்பலில் மேல்பக்கம். சண்டையில் எது யாருடையது என்று அரை நொடியில் தெரியும். இன்றைய பல விண்வெளிச் சண்டைகளில் இது தெரியாமல்தான் கண் வலிக்கிறது.

கிர்க்கின் நெருங்கிய நண்பர் ஸ்பாக் சாகப்போகிறார் என்ற செய்தி படப்பிடிப்புக்கு முன்பே கசிந்துவிட்டது. முதல் சில நிமிடங்களிலேயே பயிற்சிக் காட்சியில் அவரை 'சாக'வைத்து, ஓ, இவ்வளவுதானா என்று ரசிகனை நிம்மதியாக உட்காரவைத்தார்கள்.

ஒரு மூக்குக்கண்ணாடியைப் பாருங்கள். பிறந்தநாளுக்குக் கப்பலின் டாக்டர், கிர்க்குக்குப் பழங்காலத்துக் கண்ணாடி ஒன்று தருகிறார். வயதாகிவிட்டது என்ற வருத்தம் அதிலேயே தெரிகிறது. பிறகு கப்பல் நொறுங்கி, கான் கெடு வைத்திருக்கும் நேரத்தில், எதிரிக் கப்பலின் கேடயத்தை (தாக்குதலைத் தடுக்கும் ஆற்றல் திரை) இறக்கும் ஐந்து இலக்க எண்ணைப் படிக்க கிர்க் அதே கண்ணாடியை எடுத்து மாட்ட வேண்டியிருக்கிறது. எண் 16309. படத்தின் பரபரப்பான நிமிடத்துக்குக் கிராபிக்ஸ் செலவு ஏறக்குறையப் பூஜ்யம்.

இறுதிச் சண்டை நெபுலா என்ற விண்மேகத்துக்குள். அங்கே கேடயமும் வேலை செய்யாது, கப்பலின் காட்சித் திரையும் தெரியாது. அடிபட்ட கப்பலுக்கும் பலமான கப்பலுக்கும் சமவாய்ப்பு தரத்தான் அந்த மேகம். அதை எடுத்தது தண்ணீர்த் தொட்டியில்: அடியில் உப்புத் தண்ணீர், மேலே நல்ல தண்ணீர், இடையில் ரப்பர் பால் கலவையைப் பீய்ச்சி, வண்ண விளக்கு போட்டார்கள். முழுக்கக் கணினியில் செய்தது, கதையில் வரும் ஜெனிசிஸ் என்ற கருவி உயிரற்ற கிரகத்தை உயிருள்ளதாக மாற்றுவதைக் காட்டும் விளக்கப்படம், சுமார் ஒரு நிமிடம். அதையே அடுத்த இரண்டு படங்களிலும் மறுபடி பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை: கிராபிக்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எடிட்டரையும் எழுத்தாளரையும் ஒரே அறையில் உட்காரவையுங்கள். தோராயமான அனிமேட்டிக்கை (காட்சிகளை எளிய வரைபடங்களாக அடுக்கிய முன்னோட்ட வடிவம்) முழு நீளத்துக்கு ஓட்டி, நெளிய வைக்கும் இடத்தை அங்கேயே வெட்டுங்கள். கடைசி ஷாட் வந்த பிறகும் எடிட்டிங்குக்கு ஆறு வாரமாவது விட்டுத் தேதியை அறிவியுங்கள். முதல் பாகத்தில் யாரை எங்கே அம்போவென்று விட்டுவிட்டு வந்தீர்கள் என்ற பட்டியலையும் அந்த அறைக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
எடிட்டிங், கிராபிக்ஸ் மேசைகளில் வேலை பார்ப்பவர்கள்