பைப் போடும் முன் ஒரு போன் போடுங்கள்

திருப்பூர் சாய ஆலை முதலாளிகளுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிறவர்களுக்கும், வணக்கம்.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதை உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கழிவுநீரை நொய்யல் ஆற்றில் விடாமல் சுத்திகரித்துத் திரும்ப எடுப்பதில்தான் நம் ஊர்த் தொழில் ஓடுகிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு திரும்பிப் போனது என்று கணக்குச் சொல்வது ஃப்ளோ மீட்டர். அது பழுது என்று கூப்பிட்டால் வந்து பார்க்கிற ஆள் நான். பெரும்பாலும் மீட்டரில் பழுதே இருப்பதில்லை. மாட்டிய இடம்தான் தப்பு.

போன மாதம் ஓர் ஆலையில், பம்ப் நின்ற பிறகும் மீட்டர் ஓடுகிறது என்று புகார். போய்ப் பார்த்தால், லைன் தொட்டிக்குள் இறங்குகிற இடத்தில், கடைசி எல்போவை (பைப் வளைவை) ஒட்டி மீட்டரின் சென்சார். பம்ப் நின்றதும் பைப் காலி. தண்ணீரைத் தொட்டு சிக்னல் எடுக்க வேண்டிய எலக்ட்ரோடு காற்றில் நிற்க, டிஸ்ப்ளேயில் எண்கள் ஆட்டம் போடுகின்றன. இந்த மாதிரி மின்காந்த மீட்டருக்குப் பைப் நிறையத் தண்ணீர் வேண்டும். மேலே ஏறுகிற லைனில் மாட்டியிருந்தால் தொல்லையே இல்லை. படுக்கை லைன் என்றால் எலக்ட்ரோடு இரண்டும் பக்கவாட்டில் வர வேண்டும். மேலே வந்தால் காற்றுக்குமிழி, கீழே வந்தால் சேறு. அப்புறம், சென்சாருக்கு முன்னால் விட்டத்தைப் போல் ஐந்து மடங்காவது நேர் பைப்: 6 அங்குல லைனுக்கு 30 அங்குலம். இடமில்லை என்கிறார்கள். பைப் போடும்போது இருந்ததே!

அது பிவிசி லைன் வேறு. மீட்டரோடு வந்த எர்த்திங் ரிங் எங்கே என்று கேட்டேன். ஸ்டோர் ரூமில் ஒன்று பில் கட்டுக்குப் பாரமாக இருந்தது, இன்னொன்றின் மேல் டீ கிளாஸ். ஏதோ உபரி வாஷர் என்று நினைத்துவிட்டார்களாம். எலக்ட்ரோடுகளுக்கு நடுவே கிடைக்கும் சிக்னலே ஒன்றிரண்டு மில்லிவோல்ட் தேறினால் பெரிது. பிளாஸ்டிக் பைப்பில் தண்ணீரை எர்த்தோடு சேர்ப்பது அந்த ரிங்தான். போதாததற்கு, சிக்னல் கேபிளை, பம்பின் வேகத்தை மாற்றும் விஎஃப்டியின் கேபிளோடு ஒரே டிரேயில் படுக்க வைத்திருந்தார்கள்; அந்த இரைச்சலில் சின்ன சிக்னல் கெட்டுப்போகும்.

வெல்டிங்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்சாரை மாட்டி வைத்துக்கொண்டே ஃபிளேஞ்சை (பைப்பை இணைக்கும் வளையத்தை) பற்றவைக்காதீர்கள். உள்ளே இருப்பது ரப்பர் அல்லது டெஃப்லான் லைனிங், சூடு பட்டால் போச்சு. அதே நீளத்துக்கு ஒரு துண்டு பைப்பை வைத்து வேலையை முடித்துவிட்டு, கடைசியில் சென்சாரை ஏற்றுங்கள்.

சென்சாரின் சிக்னலை வாங்கிக் கணக்காகக் காட்டும் டிரான்ஸ்மிட்டரைத் தனியாகச் சுவரில் மாட்டினால், சென்சார் தகட்டில் உள்ள, அந்தச் சென்சாருக்கே உரிய காலிபரேஷன் எண்ணும் அதில் ஏற்றிய எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டு லைனின் டிரான்ஸ்மிட்டர்களை மாற்றி மாட்டி, இரண்டு கணக்கும் தப்பாய்ப் போனதைப் பார்த்திருக்கிறேன். கேபிள் உள்ளே நுழையும் கிளாண்டு கீழே பார்த்து இருக்கட்டும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது.

நான் கேட்பது ஒன்றுதான். மீட்டர் ஒருவரிடம், பைப் வேலை இன்னொருவரிடம், வயரிங் வேறொருவரிடம் என்று கொடுக்கிறீர்கள், சரி. பைப் வெட்டுவதற்கு முன் மூன்று பேரையும் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வையுங்கள். டேப்பும் சாக்பீஸும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மீட்டர்காரன்