பாரிஸ் காற்றும் பிராங்க் மதிப்பும்

ஆசிரியருக்கு,

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட பாரிஸைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் அமெரிக்க எழுத்தாளர்கள் அங்கே போய்க் குவிந்ததற்கு அந்த ஊர்க் காற்றிலேயே கலை கலந்திருந்ததுதான் காரணம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். காற்றைவிடக் காசுக்குத்தான் அதில் பங்கு அதிகம்.

முதல் போருக்கு முன் ஒரு டாலருக்கு 5 பிராங்க் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) சொச்சம் கிடைத்தது. 1926 ஜூலையில் ஏறக்குறைய 50. ஹெமிங்வே போல ஒரு கனடா பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாலே போதும். வாடகை, சாப்பாடு, ஒயின் எல்லாம் போக, கதை எழுத நேரமும் மிஞ்சும்.

கட்டுரையில் ஒரே வரியில் வந்துபோகும் சில்வியா பீச்சின் கதையும் இதேதான். நியூயார்க்கிலோ லண்டனிலோ கடை வாடகை கட்டுப்படியாகாது என்பதால், அம்மா அனுப்பிய 3,000 டாலரை வைத்து 1919இல் பாரிஸில் 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' என்ற ஆங்கிலப் புத்தகக் கடையைத் திறந்தார் இந்த அமெரிக்கப் பெண். புத்தகம் வாங்க வசதி இல்லாதவர்கள் சந்தா கட்டி இரவல் வாங்கிப் போனார்கள். ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலிலிருந்து ஆபாசம் என்று கருதப்பட்ட பகுதிகளை வெளியிட்டதற்காக அமெரிக்காவில் இரண்டு பெண் பத்திரிகையாசிரியர்களுக்கு 1921இல் தலா 50 டாலர் அபராதம் விழுந்தது. அதற்கப்புறம் பெரிய பதிப்பகங்கள் அந்த நாவலைத் தொடப் பயந்தன. பதிப்பித்த அனுபவமே இல்லாத பீச் துணிந்து இறங்கினார். டிஜோன் நகரத்து அச்சகத்தில் அச்சுக் கோத்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஜாய்ஸோ புரூஃப் வரும்போதெல்லாம் ஓரங்களில் புதிதாக எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். நாவலில் மூன்றில் ஒரு பங்கு அப்படிச் சேர்ந்தது என்கிறார்கள். திரும்பத் திரும்பக் கோத்த செலவு பீச்சின் தலையில்! 1922 பிப்ரவரி 2, ஜாய்ஸின் 40ஆவது பிறந்தநாளன்று முதல் பிரதிகள் வந்து சேர்ந்தன. மொத்தம் 1,000 பிரதிகள்தான் அச்சிட்டார்கள்.

சரி, டாலர் இல்லாமல் வந்தவர்கள்? கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1924இல் பாரிஸில் வந்து இறங்கியபோது பையில் இருந்தது 7 டாலர். மோன்மார்த்ர் பகுதியில் ஒரு நைட் கிளப்பில் பத்துப்பாத்திரம் தேய்த்துத்தான் காலம் தள்ளினார். அப்போது அவருக்கு இருபது சொச்சம் வயதுதான். கட்டுரையில் அவர் பெயரே இல்லை. அவரையும் சேர்த்திருந்தால் கஃபே மேசைகளின் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான்.

1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து பணம் வருவது குறைந்தது. 1934 வாக்கில் டாலர் 15 பிராங்குக்கு இறங்கியிருந்தது. அமெரிக்கர்கள் மூட்டை கட்டினார்கள், பீச்சின் கடை தள்ளாடியது. 1936இல் ஆந்த்ரே ழீது முதலான பிரெஞ்சு எழுத்தாளர்கள் சந்தா திரட்டிக் கைகொடுத்ததால் பிழைத்து, 1941இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது மூடப்பட்டது.

இன்னொன்று. பீச்சின் கடை என்று நீங்கள் போட்டிருக்கும் வண்ணப்படம் நோத்ர்தாம் தேவாலயத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் கடை. அது ஜார்ஜ் விட்மன் என்ற வேறொரு அமெரிக்கர் 1951இல் 'லே மிஸ்திரால்' என்ற பெயரில் தொடங்கி, 1964இல் பீச்சின் நினைவாக 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' என்று பெயர் மாற்றியது. பீச்சின் கடை 1921 முதல் இருந்தது ஒதெயோன் தெரு 12ஆம் எண்ணில். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். முடிந்தால் ஹியூஸின் மோன்மார்த்ர் பற்றியும் யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு சந்தாதாரர்,
கும்பகோணம்