மைக்குக்கும் முறை வையுங்கள்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் கூட்டம் நடத்தும் சங்கத்தாருக்கும் தொண்டு நிறுவனத்தாருக்கும் ஊர்க் கமிட்டியாருக்கும்,

வணக்கம். உங்கள் கூட்டங்களில் கேள்வி நேரம் வந்ததும் மைக்கைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வரிசை ஓடுகிறவன் எழுதுகிறேன். எத்தனை கை உயர்ந்தது, அதில் எத்தனை சும்மாவே இறங்கியது என்பது மேடையிலிருந்து தெரியாது. எனக்குத் தெரியும்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபம் பக்கம் ஒரு கூட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், 1986ல் வந்த தேசியப் பூங்கா, கடற்பாசி எடுப்பவர்களின் பிழைப்பு என்று பேச்சு. பேசியவர் நன்றாகவே பேசினார். கேள்விக்குக் கால் மணி நேரம். முதல் வரிசைப் பெரியவர் ஒருவர் "கேள்வி இல்ல, ஒரு கருத்து" என்று மைக்கை வாங்கினார். ஒன்பது நிமிடம். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்தவர் தன் சங்கத் தலைவரைப் பாராட்டி முடித்தார். கடைசி வரிசையில் பாசி எடுக்கும் பெண்கள். அதில் ஒரு அக்கா கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். விரலெல்லாம் பாறை கீறிய வெட்டு. நான் அவரிடம் போய்ச் சேருவதற்குள் மேடையில் "நேரமின்மை காரணமாக" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் பொன்னாடை போர்த்த மட்டும் இருபது நிமிடம் இருந்தது.

டீ வாங்கும் இடத்தில் அந்த அக்கா பூங்கா எல்லையைப் பற்றி என்னிடம் கேட்டார்: "எல்லை எல்லைங்கறாக. முங்கிக் கெடக்கையில அது எங்கன இருக்குன்னு எங்களுக்கு யாரு அடையாளம் வச்சுக் குடுத்தா?"

அன்றைக்கு வந்ததிலேயே உருப்படியான கேள்வி அதுதான். டீ கிளாஸோடு போய்விட்டது.

விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலுக்கே முறை வைத்த கரை இது. ஒரு மைக்குக்கு முறை வைக்க முடியாதா?

முதலில், மைக் என் கையிலேயே இருக்கட்டும். கேட்பவர் வாய்க்கு நேரே நான் பிடிக்கிறேன். கையில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது சண்டையில்தான் முடியும். பேச்சு நீண்டால், "அண்ணே, கேள்வியை மட்டும் ஒரு வரியில சொல்லிருங்க" என்று மேடையில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

முதல் கேள்வி பின்வரிசைப் பெண் ஒருவருக்கு. 2018ல் வெளியான ஓர் ஆய்வுக்காக 10 நாடுகளில் 247 கருத்தரங்குகளைக் கவனித்தார்கள். முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்ட இடங்களில், பிறகு பெண்கள் கேட்டது குறைந்திருந்தது. அத்தனையும் படித்தவர்கள் கூடிய இடம். நம் சமுதாயக்கூடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்று கேள்வியைச் சேர்த்து வாங்கிப் பதில் சொல்லும் பழக்கத்தையும் விடுங்கள். பேச்சாளர் சுலபமான ஒன்றுக்குப் பத்து நிமிடம் பதில் சொல்வார், சங்கடமானது காற்றோடு போகும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மைக்கில் காற்றுதான் அதிகம் பேசும் என்பதால், கேள்வியை மேடையில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போவதும் நல்லது.

அப்புறம் கேள்விச் சீட்டு. இது முக்கியம். முன்பணம் கொடுத்த வியாபாரி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, பாசி விலையைப் பற்றி எந்தப் பெண் எழுந்து கேட்பார்? படகு முதலாளி எதிரில் பங்கைப் பற்றி எந்தக் கூலியாள் வாய் திறப்பார்? பெயர் இல்லாமல் எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன். ஆனால் பெட்டியிலிருந்து கைக்கு வந்த வரிசையிலேயே படிக்க வேண்டும். பொறுக்கிப் படிப்பதாக இருந்தால் பெட்டியே வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கும் மைக் தூக்க வருகிறேன். பேட்டரி மட்டும் புதிதாக வாங்கி வைத்துவிடுங்கள். போன தடவை பாதியில் செத்துப்போனது.

இப்படிக்கு,
மைக் தூக்குகிறவன்