காக்ளியர் கருவியைப் பொருத்திய பிறகு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையில் சிப் பதித்து மனிதனின் ஆற்றலைக் கூட்டலாமா என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. உடலுக்குள் மின்கருவியைச் சுமந்து வாழ்வது எப்படியிருக்கும் என்பதை அறிய வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், காது கேளாத, 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் பொருத்துகிறார்கள். ஒலியை மின்துடிப்பாக மாற்றிச் செவி நரம்புக்குக் கொடுக்கும் கருவி அது; ஒரு பாகம் அறுவை சிகிச்சையில் உள்ளே போகும், இன்னொன்றை வெளியே மாட்ட வேண்டும். அந்தக் குழந்தைகளின் வீட்டில் நடப்பதைப் பார்த்தாலே போதும்.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் கருவியை 'ஆன்' செய்வார்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலையே. காதின் நத்தைச்சுருளுக்குள் போயிருக்கும் மின்முனைகள், கம்பெனியைப் பொறுத்து 12 முதல் 22 வரை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எந்த அளவில் கேட்கத் தொடங்குகிறது, எந்த அளவுக்கு மேல் தாங்காது என்று பார்த்துப் பதிவதுதான் மேப்பிங். உச்ச அளவைக் கூட்டி வைத்துவிட்டால் குழந்தை முகம் சுளிக்கும், சில சமயம் கன்னம் துடிக்கும், கருவியைப் பிடுங்கி எறியும். குறைத்து வைத்தால் 'ஸ்', 'ஷ்' போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாது. முதல் ஆண்டில் இதைப் பலமுறை திருத்த வேண்டும். கூடவே பேச்சுப் பயிற்சியும் வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில்.

அன்றாடம் பழுதாவது பெரும்பாலும் வெளியே மாட்டும் பாகம்தான். ஒலியை வாங்கி மாற்றும் பிராசஸரையும், அதை உள்பாகத்துக்கு அனுப்பத் தலையில் ஒட்டும் காயிலையும் இணைக்கும் கேபிள், காயிலை ஒட்டி வளையும் இடத்தில் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும். மேலுறை பார்க்க நன்றாகவே இருக்கும். ஒலி விட்டுவிட்டு வரும். மூன்று வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாததால் 'அடம்' என்று பெயர் வாங்கிக்கொள்ளும். அதனால் தினமும் காலையில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பார்க்க வேண்டும். கடைசி இரண்டுக்கு மட்டும் குழந்தை திரும்பவில்லை என்றால், மைக்கின் மூடியில் அழுக்கோ வியர்வையோ அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பல மாடல்களில் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி காற்றில்தான் வேலை செய்கிறது. ஸ்டிக்கரை உரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே போகும். மறுபடி ஒட்டி வைப்பதில் பயனில்லை. உரித்து ஓரிரு நிமிடம் காற்றில் வைத்த பிறகே போட வேண்டும். இரவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் கருவியை வைக்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறியும் மாற்றாமல் வைத்திருந்தால் அந்த டப்பாவால் ஒரு உபயோகமும் கிடையாது. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இது இன்னும் முக்கியம்.

இதையெல்லாம் அம்மாக்கள் கற்றுக்கொண்டு செய்துவிடுகிறார்கள். அவர்கள் கைக்கு மீறியது விலைதான். உள்ளே இருக்கும் பாகம் பல்லாண்டு உழைக்கும். வெளியே இருக்கும் பிராசஸருக்கோ சில ஆண்டு உத்தரவாதம்தான். அதன் பிறகு மாடலையே நிறுத்திவிடுவார்கள், உதிரிபாகம் கிடைக்காது. ஒரு கம்பெனியின் பிராசஸர் இன்னொரு கம்பெனியின் உள்பாகத்தோடு பேசாது. எனவே விலை கட்டுப்படியாகவில்லை என்று வேறு கடைக்குப் போக முடியாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு காதிலும் புது மாடல் வந்துவிடும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை பழுதான ஒற்றைக் கருவியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும். 'ஆற்றல் கூட்டும்' கருவிகள் கடைக்கு வரும்போதும் பிளவு இந்த இடத்தில்தான் விழும்.

கம்பெனியே கைவிட்டால் என்னவாகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. பார்வையிழந்தோருக்காக விழித்திரையில் 60 மின்முனைகளைப் பதித்த ஆர்கஸ் 2 கருவிக்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோர் பொருத்திக்கொண்டார்கள். 2019இல் கம்பெனி அதன் தயாரிப்பைக் கைவிட்டது, 2020இல் ஊழியர்களில் பெரும்பாலோரை வெளியேற்றியது. கருவி பழுதானவர்களுக்குக் கண்ணுக்குள் வேலை செய்யாத உலோகம் மிஞ்சியது.

அரசு டெண்டர் விடும்போதே 10 ஆண்டுக்கான கேபிள், காயில், பேட்டரி, பிராசஸர் மாற்று விலையை எழுதி வாங்கிவிட வேண்டும். பழுது பார்க்க அனுப்பும் நாட்களில் இரவல் தர மாவட்டத்துக்குச் சில பிராசஸர்கள் கையிருப்பில் இருக்க வேண்டும். குழந்தையின் மேப்பிங் பதிவின் பிரதியைப் பெற்றோர் கேட்காமலேயே கொடுக்க வேண்டும். கம்பெனி கடையை மூடினால் பராமரிப்பு நுட்பங்களை அரசிடம் ஒப்படைக்கும் விதியும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பேச நம்மில் பலர் தயங்குகிறோம். கருவி பொருத்திய குழந்தைக்குச் சைகை மொழி காட்டாதீர்கள், பேச்சு வராது என்று பெற்றோருக்குச் சொல்லி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. கேபிள் அறுந்து புதியது வரும்வரை அந்தக் குழந்தைக்கு எந்த மொழியும் இல்லை. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கருவியைக் கழற்றித்தானே வைக்கிறோம்? காதுக்குள் எதை வைப்பது என்று தீர்மானித்தது குழந்தை அல்ல, நாம். பயிற்சி மையங்களில் பேச்சுப் பயிற்சியோடு இந்தியச் சைகை மொழியையும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே கற்றுத் தர அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர்கள் சிலர்,
மதுரை