பெயர் தெரியாத அந்தத் தாதி அக்காவுக்கு

கொழும்பில் குறைமாதக் குழந்தைகள் வாட்டில் இரவு வேலை பார்த்த அக்கா, இது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

32 வாரத்தில் பிறந்த மகளைத் தொடவே எனக்குப் பயம். டொக்டர் சரி சொன்னதும் நீங்கள்தான் என் கையைப் பிடித்துக் காட்டித் தந்தீர்கள். விரல் நுனியால் வருடினால் பிள்ளைக்குக் கூசும். உள்ளங்கையை வைத்து, தோல் லேசாக அசையுமளவு அழுத்தித் தடவ வேண்டும். தலை, கழுத்து, முதுகு, அப்புறம் கை கால். பால் குடித்த கையோடு கூடாது. விக்கல் எடுத்தாலோ நிறம் மாறினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

1986இல் அமெரிக்க உளவியலாளர் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பிறகு வாசித்தேன். தினம் 3 தடவை, 15 நிமிடம் இப்படித் தடவப்பட்ட பிள்ளைகளுக்கு, தடவப்படாத பிள்ளைகளைவிட எடை 47 வீதம் கூடுதலாக ஏறியதாம். உங்கள் கைதான் ஞாபகம் வந்தது.

பால் விஷயத்தில் செய்தது அதைவிடப் பெரிது. சொட்டுச் சொட்டாக வந்த சீம்பாலைச் சிரிஞ்சில் எடுத்து, "இது மருந்து தங்கச்சி, ஒரு துளியும் வீணாக்காதீங்க" என்றீர்கள். கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம் என்று முழுதாகக் கறக்க வைத்தீர்கள். தாய்ப்பாலில் கலக்கும் சத்துத்தூள் புரதமும் கல்சியமும் கூட்டத்தான் என்று விளக்கி, என் பால் போதாதோ என்ற கவலையையும் போக்கினீர்கள்.

மகள் இப்போது தவழ்கிறாள். நீங்கள் நல்லாயிருக்க வேண்டும், அக்கா.